ஜாரவா என்றால் அந்நியன்

மணிமேகலையில் வரும் ஆதிரையின் கணவன் சாதுவனைப் பலருக்கு நினைவிருக்கும். கைப்பொருளைக் கணிகை வீட்டில் தொலைத்துவிட்டு, திரும்பச் சம்பாதிக்கக் கப்பலேறுகிறான். நடுக்கடலில் கப்பல் உடைகிறது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு, நாகர்கள் வாழும் மலைக்கரை ஒன்றில் ஒதுங்கி, களைத்துப்போய் மரத்தடியில் தூங்கிவிடுகிறான். ஆடையில்லாத நாகர்கள், நல்ல உணவு கிடைத்தது என்று அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அவன் உயிர் தப்பியதற்குக் காரணம் ஒன்றுதான். அவர்கள் மொழி அவனுக்குத் தெரிந்திருந்தது.

எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது எங்களுக்குப் பாடம் ஆதிரையின் கற்பு. தேர்வில் கேள்வியும் அதிலிருந்துதான் வரும். மொழிபெயர்ப்பை நம்பிப் பிழைக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குச் சாதுவன் முக்கியமாகப் பட்டான். அவன் ஒதுங்கிய கரை நிக்கோபார் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில், கடாரம் கொண்ட படையெடுப்பின் வரிசையில் வரும் ‘மாநக்கவாரம்’ நிக்கோபார்தான் என்பதில் பெரிய தகராறு இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்பே இந்தத் தீவுகளுக்குத் தமிழில் ஒரு பெயர் இருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் அதை என்னவென்று அழைத்தார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. கல்வெட்டுகள் அதையெல்லாம் கேட்பதில்லை.

அந்தமானுக்குப் போகிறவர்களுக்கு முதல் ஆச்சரியம் கடிகாரத்தில் காத்திருக்கிறது. தீவுகள் கிட்டத்தட்ட 93 பாகை தீர்க்கரேகையில், சென்னைக்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல் கிழக்கே இருக்கின்றன. நேரமோ நம்முடைய நேரம்தான். மே மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். நவம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும். இந்தியாவின் நேரத்தில் நடந்தாலும் இந்தியாவைவிட மற்றவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் இது. வடக்கு முனையிலிருந்து பர்மா சுமார் 200 கி.மீ. தெற்கு முனையான இந்திரா முனையிலிருந்து சுமத்ரா அதைவிடவும் கிட்டே, 150 கி.மீ. அளவில். பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி மறுபடி தலை தூக்கியதுதான் அந்தமான். 836 தீவு, திட்டு, பாறைகள் என்பது அரசுக் கணக்கு. மனிதர்கள் குடியிருப்பது அவற்றில் முப்பது சொச்சத்தில்தான். எல்லாம் சேர்ந்து 8,249 சதுர கி.மீ.; 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3.8 லட்சம். அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவே சுமார் 150 கி.மீ. அகலத்துக்குப் பத்துப் பாகைக் கால்வாய்.

இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை பெயர் மாற்றங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் பெயரில் இருந்த போர்ட் பிளேர், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் ஆனது. சோழர்களின் கடற்படைத் தளமாக இருந்த தீவு என்பது அறிவிப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தமிழ் வாசகருக்கு இதில் ஒரு சின்னச் சிரிப்பு வராமல் போகாது: ராஜேந்திரன் படை எடுத்துப்போய் வென்ற ராஜ்ஜியத்தின் பெயர் ஸ்ரீவிஜயம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும், நீல் ஷஹீத் தீவாகவும், ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும் மாறின. தெற்கே பிக்மேலியன் முனை இந்திரா முனையானது 1980களில். டென்மார்க்காரர்கள் 1756 முதல் நூறு வருடத்துக்கு மேல் நிக்கோபாரை உரிமை கொண்டாடி, தங்கள் அரசரின் பெயரை வைத்திருந்தார்கள். கிரேட் நிக்கோபாரின் பெரிய ஆறான கலாத்தியா, 1840களில் உலகைச் சுற்றிவந்த ஒரு டேனிஷ் கப்பலின் பெயரைத் தாங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதிகாரிகள் வைத்த பெயர்களைவிட, அகதிகளும் கைதிகளும் வைத்த பெயர்கள் எனக்குப் பிடிக்கும். தெற்கு அந்தமானில் வண்டூர், மஞ்சேரி, திரூர், காலிகட் என்று ஊர்கள் இருக்கின்றன. 1921 மாப்பிள்ளைக் கலகத்துக்குப் பிறகு நாடு கடத்தப்பட்ட மலபார்க்காரர்கள் கையோடு கொண்டுவந்தவை அவை. மாயாபந்தர் அருகே வெபி கிராமத்தில் 1925ல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களின் பேரன்மார் வசிக்கிறார்கள். சோட்டா நாக்பூரிலிருந்து காடு வெட்ட வந்த ஆதிவாசிகளுக்கு இங்கே பெயரே ‘ராஞ்சி’. கிழக்கு வங்கத்து அகதிகளுக்கு 1950களில் நிலம் கொடுத்தார்கள். வங்காளம்தான் இன்று இங்கே முதல் மொழி. அடுத்து இந்தி. மூன்றாவது தமிழ், 2011 கணக்கில் சுமார் 57,500 பேர், நூற்றுக்குப் பதினைந்து. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள், ஒப்பந்த வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள், சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து கட்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள் என்று பல வழிகளில் சேர்ந்த கூட்டம் இது. அபர்தீன் கடைத்தெருவில் தமிழர் தெலுங்கரோடு பேசுவது இந்தியில். இலக்கண ஆசிரியர் யாரும் ஒப்புக்கொள்ளாத, ஆனால் எல்லோருக்கும் புரிகிற இந்தி. காலாபானி, செல்லுலார் சிறை பற்றி எல்லோரும் எழுதியாயிற்று; நான் அதற்குள் நுழையப் போவதில்லை.

பெயர் குழப்பத்தில் சிக்காத இயற்கையும் இங்கே இல்லை. பாரன் தீவு இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. ஒன்றரை நூற்றாண்டு தூங்கிவிட்டு 1991ல் விழித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவ்வப்போது புகைகிறது, குமுறுகிறது. அதற்கு வடக்கே, பச்சைக் காடு மூடி அமைதியாக நிற்கிறது நார்கொண்டம். நரககுண்டம் என்பதுதான் அப்படித் திரிந்தது என்று சொல்வதுண்டு. அப்படியானால் அந்தப் பெயர் நெருப்புக் கக்கும் பாரனுக்கல்லவா பொருந்தும்? மாலுமிகள் இரண்டையும் மாற்றிக் குறித்துவிட்டார்கள் என்பது ஒரு பழைய ஊகம். சுமார் ஏழு சதுர கி.மீ. உள்ள அந்த ‘நரக’த்தில் மட்டும் ஓர் இருவாச்சி இனம் வாழ்கிறது, உலகில் வேறெங்கும் கிடையாது. பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண் வெளியிலிருந்து ஒரு சிறு துவாரம் வழியாகப் பழம் ஊட்டுகிறது. தீவு பற்றி எரிந்தாலோ ஒரு புது நோய் வந்தாலோ, பறந்து போக அவற்றுக்கு மாற்று ஊர் இல்லை.

வந்தேறிகள் மனிதர்கள் மட்டுமல்ல. தீவுகளில் புலி, சிறுத்தை கிடையாது. வேட்டைக்காக ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள் அதனால் கொழுத்துப் பெருகி, தீவுக்குத் தீவு நீந்திப்போய் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கின்றன. இன்டர்வியூ தீவில் காட்டு யானைகள் உண்டு. கல்கத்தா மரக் கான்ட்ராக்டர் ஒருவர் 1960களின் தொடக்கத்தில் தொழில் நொடித்து விட்டுவிட்டுப் போன யானைகளின் வம்சம் அது. சங்கிலியோடு வந்த மிருகம் காட்டு மிருகமாகத் திரும்பிய அபூர்வக் கதை.

நிக்கோபாரில் மெகாபோட் என்றொரு பறவை, கோழி அளவு. அடைகாக்கும் வழக்கமே அதற்கு இல்லை. கடற்கரையை ஒட்டிய காட்டில் மணலையும் சருகையும் கால்களால் வாரி மேடாகக் குவித்து உள்ளே முட்டையிட்டுவிடும். சருகு மக்கும் சூட்டில் முட்டை பொரியும். குஞ்சு தானே மண்ணைக் கிளறி வெளியே வந்து, தாயின் முகம் பார்க்காமல், கொஞ்ச நேரத்தில் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். கரையோரம் வீடு கட்டியதற்கு அது கொடுத்த விலை பெரிது. 2004 சுனாமிக்குப் பிறகு எண்ணிப் பார்த்தபோது, பழைய கணக்கில் ஏறத்தாழ எழுபது சதவிகிதம் காணாமல் போயிருந்தது.

அதே கரைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் ஏறி வருவது, உலகத்து ஆமைகளிலேயே பெரியது. நம் மீனவர்கள் அதை ஏழுவரி ஆமை என்கிறார்கள். ஓடு கிடையாது, ரப்பர் போன்ற கருந்தோலும் முதுகில் நீளவாட்டில் ஏழு வரம்பும். முதுகை எண்ணிப் பெயர் வைத்த அந்த மீனவனுக்கு என் தொழில்முறை வணக்கம். லிட்டில் அந்தமானில் முட்டையிட்ட சில ஆமைகளின் முதுகில் விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பினார்கள். சில ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கம் போயின. ஒன்று பதின்மூவாயிரம் கி.மீ.க்கு மேல் நீந்தி ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் அருகே போய்ச் சேர்ந்தது. முட்டையிட மட்டும் இந்த மணல் வேண்டும்.

இனி மனிதர்கள்.

1858ல் ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது, கிரேட் அந்தமானியர் என்று நாம் சொல்லும் பத்துக் குழுக்களில் ஐயாயிரம் பேருக்கு மேல் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. பத்துக் குழு, பத்து மொழி. துப்பாக்கி கொஞ்சம் கொன்றது. அம்மையும் மேகநோயும் மிச்சத்தைக் கொன்றன. 1901ல் எண்ணினால் 625 பேர். 1961ல் 19 பேர். இப்போது ஐம்பது பேர் அளவில், பெரும்பாலும் ஸ்ட்ரெயிட் தீவில் அரசு கட்டித் தந்த வீடுகளில் இருக்கிறார்கள், பேசுவது இந்தி. போ மொழி தெரிந்த கடைசிப் பெண்மணியான போவா சீனியர், 2010 ஜனவரி 26 அன்று காலமானார். டெல்லியில் குடியரசு தின அணிவகுப்பு நடந்த நாள். அவர் மொழியில் பேச ஆள் இல்லாததால் பறவைகளோடு பேசிக்கொண்டிருப்பார் என்று, அவரைப் பல வருடம் பதிவு செய்த மொழியியலாளர் அன்விதா அப்பி சொல்லியிருக்கிறார்.

அந்த மொழிகளின் இலக்கணத்தைப் பற்றி அப்பி எழுதியதைப் படித்தபோது இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. உடம்பை ஏழு பகுதியாகப் பிரித்து, ஏறக்குறைய எல்லாச் சொற்களுக்கும் அந்தப் பகுதிக்குரிய முன்னொட்டைச் சேர்க்கிறார்கள். ரத்தம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. காலிலிருந்து வருவதா, விரலில் உறைந்ததா, உள்ளே கசிவதா என்பதற்கேற்பச் சொல் மாறும். மரம், பொருள், செயல் எதுவானாலும் மனித உடம்பின் வழியாகத்தான் சொல்ல வேண்டும். நமக்குத் தொல்காப்பியம் உயர்திணை, அஃறிணை என்று உலகத்தைப் பிரித்துக் கொடுத்தது. அவர்கள் வேறொரு கத்தியை எடுத்து வேறு விதமாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கத்தியை இனி எடுக்க ஆளில்லை. அப்பி 2012ல் வெளியிட்ட அகராதி இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது பேச்சு ஆகாது.

‘ஜாரவா’ என்ற பெயரும் அந்தக் குழுக்களில் ஒன்றான பியா மக்கள் வைத்தது. அந்நியன் என்று பொருள். பியா மொழி எப்போதோ செத்துவிட்டது. அந்நியன் என்று சொன்னவர்கள் ஒருவரும் இல்லை. அந்நியர்கள் மட்டும் அந்தப் பெயரோடு இருக்கிறார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ‘ஆங்’. மனிதர் என்று அர்த்தம். தெற்கு, மத்திய அந்தமானின் மேற்குக் கரையில் ஆயிரம் சதுர கி.மீ. அளவுக்கு அவர்களுக்கான காடு இருக்கிறது. அதன் நடுவே அந்தமான் டிரங்க் சாலை போகிறது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், காப்பகத்தில் போகும் பகுதியை மூடச் சொன்னது. சாலை மூடப்படவில்லை. சுற்றுலா பஸ்கள் வரிசையாகப் போயின. உணவைக் காட்டி ஜாரவா பெண்களை ஆடச் சொல்லும் வீடியோ 2012ல் வெளியானபோது நாடு தலைகுனிந்தது. கொஞ்ச நாளைக்குத்தான். நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 2001ல் 240 ஆக இருந்த ஜாரவாக்கள், 2011 கணக்கெடுப்பில் 380. எண்ணிக்கை கூடிவரும் அபூர்வமான பழங்குடி.

வடக்கு சென்டினல் தீவுக்காரர்கள் தங்களை என்னவென்று அழைக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் சொல்லவில்லை, கேட்க விடவுமில்லை. 1991 ஜனவரியில் மானிடவியல் குழு ஒன்று கொண்டுபோன தேங்காய்களைத் தண்ணீரில் இறங்கி வந்து வாங்கிக்கொண்டார்கள். 2018 நவம்பரில் மதம் பரப்பப் போன ஓர் அமெரிக்க இளைஞனைக் கொன்றார்கள். அவன் தனக்குத் தெரிந்த தென்னாப்பிரிக்க ஷோசா மொழியில் அவர்களிடம் பேசிப் பார்த்ததாக அவனுடைய நாட்குறிப்பு சொல்கிறது. சாதுவனும் போன இடத்தில் புத்த தர்மம் சொன்னவன்தான். மொழி தெரிந்து போனான்.

பிற்காலத்துச் சாதுவன் ஒருவரும் நமக்கு உண்டு. அவரை நாம் மறந்துவிட்டோம். வேதப்பன் சாலமன், ஒரு தமிழ் உபதேசியார். 1890களில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்குப் போய், மக்களின் மொழியைக் கற்று, ரோமன் எழுத்தில் எழுதிப் பள்ளிக்கூடம் நடத்தினார். அவரிடம் படித்த நிக்கோபாரிச் சிறுவன்தான் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டைத் தன் தாய்மொழியில் பெயர்த்தவர். 1952ல் தீவுகளின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டவர். மதமாற்றம் பற்றி யாருக்கும் எந்தக் கருத்தும் இருக்கலாம். நிக்கோபாரி மொழி இன்று எழுதப்படுகிறது, பாடப்படுகிறது, பள்ளியில் இருக்கிறது. போ மொழிக்கு அப்படி ஒரு வாத்தியார் வாய்க்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. தெற்கே கிரேட் நிக்கோபாரில், கலாத்தியா ஆறு கடலில் சேரும் வளைகுடாவில், பெரிய சரக்குத் துறைமுகம் வரப்போகிறது. கூடவே விமான நிலையம், மின் நிலையம், நகரம். தொடக்க மதிப்பு 72,000 கோடி ரூபாய். மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் பாதை பக்கத்தில் இருக்கிறது. நம் சரக்குப் பெட்டிகள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கைமாறுவானேன் என்பது வாதம். பாதுகாப்புக் காரணமும் சேர்கிறது. இவை அலட்சியமாகத் தள்ளக்கூடிய வாதங்கள் அல்ல. மறுபக்கக் கணக்கு இது: 130 சதுர கி.மீ. காடு, அரசு சொல்லும் எண்ணிக்கையிலேயே ஒன்பதரை லட்சத்துக்கு மேல் மரங்கள். ஏழுவரி ஆமை ஏறும் மணல் அது. மெகாபோட் மேடு குவிக்கும் கரையும் அது. 2021 ஜனவரியில் அந்த வளைகுடாவுக்கு இருந்த சரணாலய அந்தஸ்து நீக்கப்பட்டது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வந்தது. வெட்டும் காட்டுக்கு ஈடாக மரம் நடும் இடங்களில் ஒன்று ஹரியானா. மழைக்காட்டை ஹரியானாவுக்கு மொழிபெயர்க்கத் தெரிந்தவர்கள் என்னைவிடத் திறமைசாலிகள்.

நிலமும் சாதுவானதல்ல. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இந்திரா முனை சுமார் நான்கு மீட்டர் இறங்கியது. கரையில் இருந்த கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது. அன்று தெற்கு, மேற்குக் கரை ஊர்களை இழந்த நிக்கோபாரிகளை கேம்ப்பெல் பே பக்கம் ராஜீவ் நகர் போன்ற இடங்களில் குடியமர்த்தினார்கள். பழைய ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுடைய பழங்குடி மன்றம் 2022 ஆகஸ்டில் திட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொடுத்தது. அதே வருடம் நவம்பரில், முழு விவரம் சொல்லப்படவில்லை என்று அதைத் திரும்பப் பெற்றது. 2023 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியில் தலையிட மறுத்து, சில அம்சங்களைப் பார்க்க ஒரு குழு அமைத்தது.

நிக்கோபாரிகளாவது கடிதம் எழுதினார்கள். காட்டின் உட்பகுதியில் ஷோம்பென் மக்கள் இருக்கிறார்கள். 2011 கணக்கில் 229 பேர். தாழங்காய்ச் சதை, காட்டுப் பன்றி, தேன், கிழங்கு என்று வாழ்பவர்கள். ஷோம்பென் என்பதும் மற்றவர்கள் வாயில் திரிந்த பெயர்தான். மேற்கே இருப்பவர்கள் தங்களைக் கலாய் என்றும், கிழக்கே இருப்பவர்கள் கேயெத் என்றும் சொல்லிக்கொள்வதாகப் பதிவு இருக்கிறது. திட்டம் பற்றிய விசாரணையில் இவர்கள் சார்பாகப் பேசியது, ஆதிவாசி நலனுக்கான ஓர் அரசு அமைப்பு. துறைமுகத்தோடு வரும் நகரத்துக்கு முப்பது வருடத்தில் எதிர்பார்க்கப்படும் மக்கள்தொகை மூன்றரை லட்சம். தீவில் இன்று இருப்பவர்கள் எட்டாயிரம் சொச்சம்.

இவர்கள் மொழியில் என்னவெல்லாம் அச்சில் வந்திருக்கிறது என்று ஒரு மொழிபெயர்ப்பாளனுக்குரிய குறுகுறுப்பில் தேடிப் பார்த்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிக்கோபாரில் பணியாற்றிய டி ரோப்ஸ்டார்ஃப் என்ற அதிகாரி எழுதிவைத்த சொற்பட்டியல் ஒன்று. பின்னால் இ. எச். மேன் சேர்த்த சொற்கள். 2003ல் மானிடவியல் துறை வெளியிட்ட ஒரு நூல். பண்டமாற்றாகத் தேன் கொடுத்து துணி வாங்க இதில் உள்ள சொற்கள் போதும் என்று நினைக்கிறேன். ‘உங்கள் காட்டில் துறைமுகம் கட்டலாமா’ என்று கேட்க வேண்டுமானால், முதலில் துறைமுகம் என்பதற்கு ஒரு சொல் கேட்டு வாங்க வேண்டும்.